அம்பாசிடர் கதவும் ஒரு குட்டி சுவிட்சும்

பழைய கார் பத்தி எழுத உக்காந்தா எல்லாரும் இன்ஜின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன்னுதான் ஆரம்பிப்பாங்க. நான் இன்னிக்கு எழுதப் போறது கட்டைவிரல் நகம் அளவுக்கு இருக்கற ஒரு சாமான் பத்தி. கார் கதவைத் திறந்தா உள்ளே கூரையில ஒரு லைட்டு எரியுது, மூடினா அணையுது இல்லையா? அதைச் செய்யற டோர் சுவிட்ச். கதவை ஒட்டின தூண்ல ஒரு சின்ன குமிழ் துருத்திக்கிட்டு இருக்கும், பாத்திருப்பீங்க. பாக்காதவங்க வீட்டு பிரிட்ஜ் கதவு ஓரத்துல பாருங்க. அதே ஜாதிதான்.

இதுல என்னய்யா சரித்திரம் இருக்குன்னு கேக்கறீங்களா? இருக்கு. எங்க வீட்டு சரித்திரமும் கொஞ்சம் இருக்கு. முதல்ல அந்தக் கொசுவத்தியைச் சுத்திடறேன்.

எங்க பெரியப்பா பரவையில டாக்சி ஓட்டினவர். 1974 மாடல் அம்பாசிடர் மார்க் 2, ரெண்டாம் கையா வாங்கினது. அப்ப ஊர்ல கார் வச்சிருந்தவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். கல்யாணம், காதுகுத்து, பழனி, கொடைக்கானல், அவசரத்துக்கு மதுரை பெரியாஸ்பத்திரி, எல்லாத்துக்கும் அந்த வண்டிதான். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்ததே 2008-லதான். நான் சொல்றது 1989. ராத்திரி யாருக்காவது நெஞ்சு வலின்னா நேரா பெரியப்பா வீட்டுத் திண்ணையில வந்து நிப்பாங்க.

அந்த வருஷம் சித்திரைத் திருவிழாவுக்கு வீட்டோட மதுரைக்குக் கிளம்பினோம். அழகர் ஆத்துல இறங்கற கூட்டத்துக்குள்ள காரை எங்க கொண்டு போறது? வண்டியைக் கொட்டகையில விட்டு, மேல தார்ப்பாயைப் போத்திட்டு, பஸ்ல போனோம். ரெண்டு நாள் கழிச்சு ராத்திரி திரும்பி வந்து படுத்தோம். விடியக்காலம் மூணு மணிக்குக் கதவைத் தட்டறாங்க. நாலு வீடு தள்ளி ஒரு அக்காவுக்குப் பிரசவ வலி. பெரியப்பா சட்டையை மாட்டிக்கிட்டே ஓடிப்போய் தார்ப்பாயை இழுத்தா, உள்ள கூரை லைட்டு செவசெவன்னு, தீக்குச்சி அணையப் போற மாதிரி எரிஞ்சுக்கிட்டு இருக்கு. சாவியைத் திருப்பி செல்ஃப் போட்டா 'டக்'னு ஒரு சத்தம். அவ்வளவுதான்.

டிரைவர் பக்கத்துக் கதவோட கீல் தேஞ்சு, கதவு கொஞ்சம் தொங்கிப் போயிருந்தது. பூட்டு விழுது, ஆனா அந்தக் குமிழை முழுசா அழுத்தல. கதவு திறந்தே இருக்குன்னு நினைச்சுக்கிட்டு சுவிட்ச் ரெண்டு நாளா லைட்டை எரிய விட்டிருக்கு. மேல தார்ப்பாய் இருந்ததால வெளிய யாருக்கும் தெரியல.

கணக்குப் போட்டுப் பாத்தா பெரிய கரண்ட் எல்லாம் இல்லீங்க. 5 வாட் பல்பு, 12 வோல்ட் பேட்டரி. 0.4 ஆம்பியர் சொச்சம். ஆனா 48 மணி நேரம் எரிஞ்சா 20 ஆம்பியர்-அவர் போயிரும். புது பேட்டரின்னா தாங்கியிருக்கும். பெரியப்பா பேட்டரிக்கு வயசாயிருச்சு.

தெருவே எந்திரிச்சு வந்து தள்ளுச்சு. இன்ஜினைச் சுத்த பலம் இல்லைன்னாலும் ஸ்பார்க் குடுக்கற அளவுக்குக் கரண்ட் மிச்சம் இருந்திருக்கு. செகண்ட் கியர்ல போட்டு, ரெண்டு தெரு தள்ளி, திண்டுக்கல் ரோட்டுக்கு வந்தப்புறம்தான் வண்டி உருமுச்சு. கிட்டத்தட்ட நாப்பது நிமிஷம் போச்சு. அந்த அக்கா வலியில கத்தின கத்து எனக்கு இன்னும் காதுல இருக்கு. நல்லவேளை, ஆஸ்பத்திரி போய்ச் சேந்து அரை மணியில பொண்ணு பொறந்துச்சு. தாயும் பிள்ளையும் நல்லாருந்தாங்க.

யாரும் பெரியப்பாவை ஒரு வார்த்தை சொல்லல. அவருதான் விடல. திரும்பி வந்ததும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ரெண்டு முன் கதவு சுவிட்சையும் கழட்டி, வயரைப் பிடுங்கி, நுனியில டேப்பைச் சுத்தி உள்ள தள்ளிட்டார். "இந்த எழவு லைட்டு இனிமே எரிய வேணாம்" அப்படின்னார். அதுக்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல அந்த வண்டிக்குள்ள இருட்டுதான். டேஷ்போர்டுல ஒரு டார்ச் லைட்டு கிடக்கும். கொசுவத்தி முடிஞ்சது. இப்ப சரித்திரத்துக்கு வருவோம்.

முதல்ல வந்த கார்களுக்குக் கூரையே கிடையாது, அப்புறம் எங்க கூரை விளக்கு? முன்னாடி கார்பைடு விளக்கு, பக்கத்துல மண்ணெண்ணெய் விளக்கு. குதிரை வண்டியில இருந்தது அப்படியே மோட்டார் வண்டிக்கு மாறி வந்துச்சு. 1912-ல அமெரிக்காவுல காடிலாக் கம்பெனி, சார்லஸ் கெட்டரிங் செஞ்ச செல்ஃப் ஸ்டார்ட்டரோட வண்டியை விட்டுச்சு. ஸ்டார்ட் பண்ண ஒரு நல்ல பேட்டரி, அதைச் சார்ஜ் பண்ண ஒரு ஜெனரேட்டர்னு வண்டிக்குள்ள வந்ததும், விளக்கு எல்லாம் மின்சாரத்துக்கு மாறிடுச்சு. 1920-கள்ல கூரையும் கண்ணாடியும் மூடின கார்கள் பெருகுச்சு. மூடின வண்டிக்குள்ள ராத்திரி இருட்டு. கூரையில விளக்கு வந்தது அதுக்காகத்தான். முதல்ல கையால போடற சுவிட்ச், அப்புறம் கதவே போடற சுவிட்ச்.

கதவு திறந்தா தானா எரியற அந்த விளக்குக்கு இங்கிலீஷ்காரன் வச்ச பேரு 'கர்ட்டசி லைட்'. நம்ம பாஷையில சொன்னா மரியாதை விளக்கு. வாங்க, உக்காருங்கன்னு வண்டியே சொல்ற மாதிரி. யாருக்கு அந்த மரியாதைங்கறதை அப்புறம் சொல்றேன், ஞாபகம் வச்சுக்கங்க.

பிரிட்டிஷ் கார்கள்ல மின்சாரச் சாமான்னாலே லூகாஸ்தான். பர்மிங்ஹாம்ல ஜோசப் லூகாஸ்னு ஒருத்தர் தள்ளுவண்டியில மண்ணெண்ணெய் வித்து ஆரம்பிச்ச வியாபாரம், சைக்கிள் விளக்காகி, அப்புறம் மோட்டார் விளக்கு, டைனமோ, சுவிட்ச்னு பெருசாச்சு. பழைய பிரிட்டிஷ் கார் வச்சிருக்கறவங்க லூகாஸுக்கு 'இருட்டின் இளவரசன்'னு பட்டப்பேரு வச்சிருக்காங்க. எப்ப அணையும்னு தெரியாதாம் :-)

இந்த லூகாஸுக்கும் நம்ம மதுரைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. திருக்குறுங்குடியில பொறந்த டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911-ல மதுரையை மையமா வச்சுத் தொடங்கினதுதான் டி.வி.எஸ். பஸ் விட்டாங்க, வண்டி வித்தாங்க, ரிப்பேர் பாத்தாங்க. ரெண்டாம் உலகப் போர்ல பெட்ரோல் கிடைக்காதப்ப கரியில ஓடற கேஸ் பிளாண்ட் செஞ்சு பஸ்களுக்கு மாட்டினாங்க. 1961-ல அதே டி.வி.எஸ்ஸும் பர்மிங்ஹாம் லூகாஸும் கூட்டுச் சேந்து சென்னை பாடியில லூகாஸ்-டி.வி.எஸ் தொடங்கினாங்க. மதுரையில பஸ் விட ஆரம்பிச்ச கம்பெனி அம்பது வருஷத்துல நம்ம மண்ணுலயே டைனமோ, ஸ்டார்ட்டர் செய்யற இடத்துக்கு வந்துச்சு.

ஏன் கூட்டு? காரணம் அரசாங்கக் கொள்கை. பாகங்களைக் கப்பல்ல கொண்டாந்து இங்க பூட்டி விக்கற கம்பெனிகளை அரசு விரும்பல. இங்கயே தயாரிக்கத் திட்டம் இல்லைன்னா இடமில்லைன்னாங்க. பம்பாயில 1928-ல இருந்து வண்டி பூட்டிக்கிட்டு இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1954-ல கடையைக் கட்டுச்சு. மிஞ்சினது முக்கியமா மூணு கார் கம்பெனி. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவுல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவுல பிரீமியர், நம்ம மெட்ராஸ்ல ஸ்டாண்டர்ட். ஹிந்துஸ்தான் கம்பெனி பிரிட்டிஷ் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூணாவது சீரிஸை அம்பாசிடர்ங்கற பேர்ல விட்டாங்க. பிரீமியர் இத்தாலி ஃபியட் 1100-ஐ எடுத்துக்கிட்டு, பின்னாடி அதுக்குப் பத்மினின்னு பேர் வச்சாங்க. ஸ்டாண்டர்ட் ட்ரையம்ஃப் ஹெரால்டை 1961-ல இருந்து வண்டலூர் பக்கத்துல செஞ்சாங்க.

மூணுமே வெளிநாட்டுக்காரன் அவன் ஊருக்கு வரைஞ்ச வண்டி. இப்ப அந்த மரியாதை விஷயத்துக்கு வர்றேன். அந்தக் காலத்து நடுத்தர விலை கார்கள்ல பெரும்பாலும் டோர் சுவிட்ச் முன் கதவு ரெண்டுக்கும் மட்டும்தான் இருக்கும். பின் கதவுக்கு இருக்காது. ஏன்னா இங்கிலாந்துல மோரிஸ் வாங்கறவர் தானே ஓட்டற குமாஸ்தாவோ டாக்டரோ. அவரு முன்னாடி, பக்கத்துல சம்சாரம். மரியாதை அவங்களுக்கு. பின்சீட்டுல குழந்தைகளும் நாயும்!

அதே வண்டி இங்க வந்ததும் கதை தலைகீழ். நம்ம ஊர்ல கார் வச்சிருந்த முதலாளி பின்சீட்டுல. மந்திரி பின்சீட்டுல. டாக்சியில காசு குடுத்து ஏறற சவாரி பின்சீட்டுல. டிரைவர் இறங்கி வந்து பின் கதவைத் திறந்து விட்டுக்கிட்டு நிப்பார். பின் கதவுல சுவிட்ச் இல்லாத வண்டியில முதலாளி ஏறும்போது எரியாத விளக்கு, டிரைவர் ஏறும்போது பளிச்சுனு எரியும். பர்மிங்ஹாம்காரன் தெரியாமலே நம்ம ஊர் டிரைவருக்குக் குடுத்த மரியாதைன்னு இதை நான் எடுத்துக்கறேன். எங்க பெரியப்பா வண்டியிலயும் முன் ரெண்டு கதவுக்கு மட்டும்தான் இருந்துச்சு.

சரி, இது வேலை செய்யற விதத்தைப் பாப்போம். வீட்டு வயரிங்ல ரெண்டு கம்பி போகும். கார்ல ஒரு கம்பிதான். இன்னொரு கம்பியோட வேலையை வண்டியோட இரும்பு உடம்பே செய்யும். இதைத்தான் எர்த்துங்கறாங்க. பேட்டரியில இருந்து ஃபியூஸ் வழியா பல்புக்கு வயர் வரும். பல்புல இருந்து இன்னொரு வயர் கதவுத் தூணுக்குப் போகும். அங்க சுவிட்ச். கதவு திறந்ததும் ஸ்பிரிங் குமிழை வெளிய தள்ளும், உள்ள இருக்கற பித்தளைத் தகடு வண்டி உடம்பைத் தொடும், வட்டம் முடிஞ்சு லைட்டு எரியும். கதவு மூடினா தொடுப்பு விட்டுப்போகும். எத்தனை கதவுல சுவிட்ச் இருந்தாலும் எல்லாமே பக்கவாட்டுல சேந்தது. எது திறந்தாலும் எரியும்.

ஆக, இந்த சுவிட்சுக்குப் பாதி உசுரு வண்டி உடம்புலதான் இருக்கு. உடம்பு துருப்பிடிச்சா இதுவும் போச்சு. பெயிண்டர் அவசரத்துல சுவிட்சைக் கழட்டாம மேலயே பட்டி போட்டு பெயிண்ட் அடிச்சா குமிழ் ஒட்டிக்கும். கழட்டி அடிச்சிட்டு, துளை ஓரத்துல பெயிண்டைச் சுரண்டாம மாட்டினா எர்த் கிடைக்காது. ஹெரால்டுல இன்னொரு தலைவலி. அதோட பாடி தனித்தனித் துண்டா போல்ட் போட்டு சேசிஸ் மேல உக்காந்திருக்கும். போல்ட்டுல துரு ஏறினா அந்த இடத்துல எர்த் தடுமாறும். சுவிட்சை மாத்தி மாத்திப் பாத்துட்டு, கடைசியில கோளாறு போல்ட்டுலன்னு கண்டுபிடிச்ச கதை நிறைய.

அந்தக் காலத்துல ரிப்பேர்காரங்க எப்படிச் சமாளிச்சாங்கன்னு பாருங்க. புது சாமான் கிடைக்கறது கஷ்டம், கிடைச்சாலும் யாரு காசு போடறது? குமிழ் தேஞ்சிருந்தா நுனியில ஒரு ரப்பர் துண்டை ஒட்டுவாங்க. ஸ்பிரிங் தளந்தா பால்பாயிண்ட் பேனா ஸ்பிரிங்கை வெட்டிப் போடுவாங்க. இருக்கறதை வச்சு ஓட்டற படிப்பு அது. 1983 டிசம்பர்ல மாருதி 800 வந்தப்புறம்தான் ரப்பர் தொப்பி போட்ட, ஒரே ஸ்க்ரூவுல மாட்டற ஜப்பான் பாணி சுவிட்ச் நம்ம ஊர் மெக்கானிக்குகளுக்குப் பழக்கமாச்சு. ஸ்டாண்டர்ட் 1988-ல மூடிட்டாங்க. பத்மினி 2000 வாக்குல நின்னுச்சு. உத்தர்பாராவுல 2014 மே மாசம் கடைசியா அம்பாசிடர் வேலை நின்னுச்சு. புதுக் கார்கள்ல இந்தக் குமிழே காணோம். பூட்டுக்குள்ளயே ஒரு சுவிட்ச், அதைக் கேட்டுக்கிட்டு ஒரு கம்ப்யூட்டர். மறந்து கதவைத் திறந்து வச்சாலும் கொஞ்ச நேரத்துல அதுவே விளக்கை அணைச்சிரும். அந்தக் கம்ப்யூட்டர் மட்டும் 1989-ல இருந்திருந்தா!

இப்ப எதுக்கு இதெல்லாம்? பெரியப்பாவுக்கு எண்பது தாண்டிருச்சு. கண்ணுல ஆபரேஷன் ஆயிருக்கு. வண்டி ஓட்டறதை விட்டு ரொம்ப நாளாச்சு, ஆனா வண்டியை விக்க விடல. நான் ஓட்ட, அவரு பின்சீட்டுல உக்காந்து வருவார். போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு ராத்திரி வீடு திரும்பினோம். அவரு இருட்டுல கால் வைக்க இடம் தெரியாம இறங்கி, தடுக்கி விழுந்துட்டார். முழங்கையில ஆறு தையல். டார்ச் டேஷ்போர்டுக்குள்ளயேதான் இருந்துச்சு, யாரும் எடுக்கல.

அடுத்த ஞாயித்துக்கிழமை லைட்டைச் சரி பண்ண உக்காந்துட்டேன். எனக்குத் தெரிஞ்ச பேட்டரிக்கடை அண்ணனும் வந்தார். டேப் சுத்தி உள்ள போன வயரை ஒரு கம்பி வளைச்சு வெளிய இழுத்தோம். நுனியைச் சுரண்டி வண்டி உடம்புல தொட்டதும், முப்பத்தஞ்சு வருஷத்துக்கு அப்புறம் கூரை லைட்டு எரிஞ்சுச்சு. "வயர் நல்லாருக்கு தம்பி, பல்பும் நல்லாருக்கு. சுவிட்ச் மட்டும் பாத்தா போதும்"னார் அண்ணன். பழைய சுவிட்ச் ரெண்டும் ஹார்லிக்ஸ் பாட்டில்ல ஆணிகளோட கிடந்துச்சு. பெட்ரோல்ல கழுவி, தகட்டை உப்புத்தாள்ல தேச்சு, ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இழுத்துவிட்டதும் ரெண்டும் பொழச்சுக்கிச்சு. டிங்கர் கடையில கீல் பின் மாத்தி, தொங்கின கதவைத் தூக்கி நிறுத்தினப்புறம்தான் மாட்டினோம். நோய் கீல்ல, மருந்து சுவிட்சுக்குன்னா எப்படி?

ஆனா பெரியப்பா உக்கார்றது பின்னாடி. அங்கதான் சுவிட்சே கிடையாதே. போடணும்னா தூண்ல துளை போடணும். பழைய கார் பிரியர்கள்கிட்ட இதைச் சொன்னா அடிக்க வருவாங்க. கம்பெனியில எப்படி வந்துச்சோ அப்படியே வச்சிருக்கணும், ஒரு துளை போட்டாலும் பாவம்பாங்க. நானும் அந்தக் கட்சிதான். ரெண்டு நாள் யோசிச்சேன். இந்த வண்டி ஊருக்கு உழைச்ச வண்டி, ஓட்டினவரு அவரு. அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னாடி எவனோ ஒருத்தன் பின்சீட்டுல குழந்தைதானே உக்காரும்னு முடிவு பண்ணதுக்காக, எங்க பெரியப்பா ஏன் இருட்டுல இறங்கணும்? டிரில்லை எடுத்தேன். ரெண்டு துளை, ரப்பர் தொப்பி போட்ட ரெண்டு சுவிட்ச். துளை ஓரத்துல பெயிண்டைச் சுரண்டி, கொஞ்சம் வாஸ்லின் தடவி மாட்டியாச்சு.

சாயங்காலம் இருட்டினதும் பெரியப்பாவைக் கூட்டிட்டு வந்து பின் கதவைத் திறந்து காட்டினேன். லைட்டு எரிஞ்சுச்சு. அவரு லைட்டைப் பாக்கவே இல்ல. கதவை மூடச் சொன்னார். மூடினேன்.

"அணைஞ்சிருச்சாடா?"

"அணைஞ்சிருச்சு பெரியப்பா, கண்ணாடி வழியா பாருங்க."

"அப்ப தார்ப்பாயைப் போட்டாலும் அணைஞ்சுதான இருக்கும்?"

எனக்குப் புரிஞ்சுபோச்சு. செல்போன்ல வீடியோவை ஓட விட்டு உள்ள சீட்டு மேல வச்சேன். நாலு கதவையும் மூடினேன். தார்ப்பாயைப் போத்தினேன். ரெண்டு பேரும் திண்ணையில பத்து நிமிஷம் உக்காந்திருந்தோம். அப்புறம் போனை எடுத்துட்டு வந்து காட்டினேன். கதவு மூடற சத்தம், உடனே கும்மிருட்டு. அந்த இருட்டைப் பத்து நிமிஷமும் கண்ணை எடுக்காம பாத்தார். முடிஞ்சதும் போனைத் திருப்பிக் குடுத்துட்டு, "சரி, சாப்பிட வா" அப்படின்னார்.

பி.கு: வீட்டுல பழைய வண்டி வச்சிருக்கறவங்களுக்கு மூணு விஷயம். ஒண்ணு, சுவிட்சைக் கழட்டும்போது வயர்ல ஒரு நூலைக் கட்டிக்கங்க, தூணுக்குள்ள விழுந்துட்டா எடுக்கறது பெரும்பாடு. ரெண்டு, எல்இடி பல்பு போடறதா இருந்தா பேட்டரியில எந்த முனை வண்டி உடம்புக்குப் போகுதுன்னு பாத்துக்கங்க. 1960-கள் வரைக்கும் நிறைய பிரிட்டிஷ் வண்டிகள்ல பிளஸ்தான் எர்த். பழைய இழை பல்பு எப்படி மாட்டினாலும் எரியும், எல்இடி பலதும் அப்படி எரியாது. மூணாவது, வண்டியை மூடி வைக்கறதுக்கு முன்னாடி உள்ள ஒரு தடவை எட்டிப் பாருங்க.